பச்சைப் புள்ளி

மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்தும் திரையில் ஒரு பச்சைப் புள்ளிகூட விழவில்லை.

நுணுக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோளாறு கண்ணாடியில் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அந்த ஆய்வுக்கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உப்பை மூன்று தடவை எடை போடுவார். பூட்டிய கதவைப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். டீ குடித்த கோப்பையைக் கழுவிவிட்டு, கழுவினோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை கழுவுவார். இப்படிப்பட்டவரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவர் வேலை, சுருக்கமாகச் சொன்னால், ரத்தத்துக்குள் ஆள் தேடுவது. நம் உடம்பைக் காவல் காக்கும் வெள்ளையணுக்களில் டி செல் என்று ஒரு ஜாதி உண்டு. கூட்டத்தில் நிற்கும்போது அதற்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் வித்தியாசம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற புரதத்தை உள்ளே அனுப்புவார்கள். ஒரே செல்லின் வம்சத்தில் பிறந்த பிள்ளைகள், எல்லாம் ஒரே அச்சு, ஆனால் தங்களுக்குள் சண்டை போடாதவை. டி செல்லைத் தவிர வேறு எதன்மேலும் போய் ஒட்டாது.

ஒட்டினால் மட்டும் போதுமா? ஒட்டியது நமக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக ஒளிரும் சாயம் ஒன்றை ஆன்டிபாடியோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். அந்தச் சாயத்துக்கு ஆய்வுக்கூடத்துப் பாஷையில் லேபிள் என்று பெயர். ரத்தத்தில் இதைக் கலந்து, லேசர் இயந்திரத்தில் செல்களை வரிசையாக ஓட விட்டால், டி செல் கடக்கும்போதெல்லாம் பச்சையாக மின்னும். திரையில் ஒரு புள்ளி விழும். நல்ல ஆரோக்கியமான ஆள் என்றால் ஆயிரக்கணக்கில் விழும்.

இன்றைக்கு ஆரோக்கியமான ஆளின் ரத்தம்தான். வெள்ளிக்கிழமை ஒரு குழு பார்வையிட வருகிறது. ‘நோயில்லாதவரின் ரத்தம்’ என்று ஒரு படம் சுவரில் மாட்ட வேண்டும். வழக்கமாகக் கையை நீட்டுகிற ஆள் வரவில்லை. புதன்கிழமை காலை, கீழ்த்தளத்து நர்ஸிடம் போய் நுணுக்கர் தன் சட்டைக் கையையே மடித்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு, சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒளிரும் மணிகளை ஓட்டினார். அவை ஜொலித்தன. பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவைப் பிடிக்கும் வேறொரு ஆன்டிபாடியைப் போட்டார். சிவப்புப் புள்ளிகள் அழகாக விழுந்தன. ஆக, இயந்திரமும் சரி, கையும் சரி.

மீதி இருந்தது டி செல் ஆன்டிபாடிக் குப்பி. பழையது போன வாரமே காலி. இது திங்கட்கிழமை ஸ்டோர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த புதுக் குப்பி. ஸ்டோர் அண்ணன் அந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாகப் பொருள் வாங்கிப் போடுகிறவர். முத்து முத்தான கையெழுத்து. அலமாரிக்கு ‘அலமாரி’ என்றும், நாற்காலிக்கு எண்ணும், ஜன்னலுக்கு ‘காற்றுக்கு மட்டும்’ என்றும் சீட்டு ஒட்டி வைத்திருப்பவர்.

“எப்பவும் ஆறு வாரம் ஆகுமே அண்ணே? நாலு நாள்ல எப்படி வந்துச்சு?” என்று நுணுக்கர் அன்றைக்கே கேட்டிருந்தார்.

“அதெல்லாம் ஒரு சாமர்த்தியம் சார்” என்று சொல்லி, கையெழுத்து வாங்க நிற்காமல்கூடப் போய்விட்டார் அண்ணன்.

நுணுக்கர் இப்போது குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். டி செல் ஆன்டிபாடி. மோனோகுளோனல். பச்சை லேபிள் போட்டது. காலாவதிக்கு இரண்டு வருஷம் இருந்தது. எழுத்துகள் அச்சுப் பிசகாமல் நேர்கோட்டில் நின்றன. ஒட்டியிருந்த தாள்கூடச் சற்றுத் தடிமன். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற கம்பெனி உள்ளே தப்பு செய்யுமா என்று அவருக்குப் பட்டது.

ஆனாலும் மனசு கேட்காமல் துறைத் தலைவரிடம் போனார். தலைவர் வெள்ளிக்கிழமைக் குழுவுக்கான வரவேற்புரையைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், புது ஆன்டிபாடி வேலை செய்யலையோன்னு ஒரு சந்தேகம்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்” என்றார் தலைவர், திரும்பிப் பார்க்காமல். ஆய்வுக்கூடத்தில் எது கெட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு பழமொழிதான். “புதுக் குப்பி. நேத்து முந்தாநாள் வந்தது. அதைக் குத்தம் சொல்லாம ரத்தத்தைப் பாருய்யா. யாரோட ரத்தம் அது?”

“வழக்கமா குடுக்கறவர்தான் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் நுணுக்கர். ஏன் பொய் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சைஸுக்குச் சரியான செல்கள் எல்லாம் திரையில் இருக்கத்தான் செய்தன. ஆள் இருக்கிறான், அடையாளம் இல்லை. காவல்காரன் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனமாதிரி. டி செல் இல்லாத மனிதனுக்கு ஒரு தும்மல் போதும் என்று பாடப்புத்தகத்தில் அவரே அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அன்று மாலைக்குள் அவர் தொண்டை கரகரத்தது, முதுகு வலித்தது, காதுக்குள் ஏதோ கேட்டது.

வீட்டில் அவர் செய்தது முழுக்க முழுக்க நல்லெண்ணத்தில்தான். வாசலிலேயே முகமூடி போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவின் கைப்பிடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். தலையணையைச் சாமான் அறைக்கு மாற்றினார்.

மனைவி இதையெல்லாம் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு டிவியை அணைத்தாள்.

“யாருங்க அவ?”

“எவ?”

“முகத்தைப் பார்க்க மாட்டேங்கறீங்க. பக்கத்துல வர மாட்டேங்கறீங்க. படுக்கை வேற தனியாப் போயாச்சு. இதுக்கெல்லாம் ஒரு பேர் இருக்கும்ல, அந்தப் பேரைச் சொல்லுங்க.”

நுணுக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் பயந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பயமே தேவலை என்று முடிவு செய்து, பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி உடைத்துச் சொன்னார்.

“எனக்கு டி செல் இல்ல.”

“டீயா? இப்பத்தானே குடிச்சீங்க. காலையிலேர்ந்து இது அஞ்சாவது.”

“குடிக்கற டீ இல்லம்மா. ரத்தத்துல இருக்கறது. அது இல்லன்னா ஒரு ஜலதோஷத்தைக்கூடத் தாங்க முடியாது. இன்னைக்கு என் ரத்தத்தை மூணு தடவை பார்த்தேன். ஒண்ணுகூட இல்ல.”

மனைவி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவரை அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். இந்த மனுஷன் மூன்று தடவை பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால் அது இல்லைதான். அவள் கண் கலங்கியது. சாகப்போகிறவன் நெஞ்சில் எதையும் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று ஓர் எண்ணம் அந்த நேரம் பார்த்து நுணுக்கருக்கு வந்து தொலைத்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை சனிக்கிழமை லேப்ல அவசர வேலைன்னு போவேன்ல?”

“ஆமா.”

“ஒரு வேலையும் கிடையாது. உன் தம்பி வர்றான்னுதான் ஓடிப் போயிடுவேன். அவன் தண்டால் எடுத்த கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. லேப்ல பெஞ்சைப் போட்டுத் தூங்குவேன்.”

“மாமா” என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

மாமாவுக்கு ஏதோ சரியில்லை என்று அக்கா சற்றுமுன் போனில் அழைத்ததால் ஓடி வந்திருந்த மச்சான், கையில் ஒரு பை ஆப்பிளோடு நின்றுகொண்டிருந்தான். கதவை நிறைத்து நிற்கிற உடம்பு. அந்த உடம்புக்குள்ளிருந்து இவ்வளவு சின்னக் குரல் வந்து நுணுக்கர் கேட்டதே இல்லை.

மனைவி எழுந்தாள். இப்போது கண்ணில் தண்ணீர் இல்லை.

“நாளைக்கே இவன் ரத்தத்தை எடுத்துப் பாருங்க. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல என் தம்பி. நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு நீங்களும் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க. அப்படியே என்னோடதையும் பாருங்க.”

வியாழக்கிழமை காலை மூவரும் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். “குடும்பத்தோட கிளம்பிட்டீங்களா சார்?” என்று நர்ஸ் சிரித்தாள். ஊசியைப் பார்த்ததும் மச்சான் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் கழித்து நுணுக்கர் திரையின் முன்னால் சிலைபோல உட்கார்ந்திருந்தார். மச்சானின் ரத்தத்தில் பச்சை இல்லை. மனைவியின் ரத்தத்திலும் இல்லை.

இங்கே வேறு யாராக இருந்தாலும் குப்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். நுணுக்கருக்கும் அந்த எண்ணம் அரை நொடி வந்தது. கூடவே தலைவரின் பழமொழியும் வந்தது. குப்பியை எடுத்து அந்த அழகான எழுத்துகளை நாலாவது முறையாகப் படித்துப் பார்த்து, அதன்மேல் பழி போட்டதற்காக உள்ளுக்குள் வெட்கப்பட்டார். முதலில் தனக்கு, பிறகு வீட்டில் இருப்பவளுக்கு, பிறகு வீட்டுக்கு வந்து போகிறவனுக்கு. வரிசை சரியாக இருக்கிறதே! இது தொற்று. லேபிலிருந்து தானே சுமந்துகொண்டு போயிருக்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். படித்தவன் அரண்டால் அந்தப் பேய்க்குக் காரண காரியமும் சேர்ந்துவிடுகிறது.

வெளியே அக்காவோடு காத்திருந்த மச்சான் செய்தியைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, உங்க கார்ல நீளமா ஒரு கீறல் இருக்குல்ல...”

“பூனை போட்டது.”

“பூனை இல்ல மாமா. நான்தான். சைக்கிளைச் சாத்தினேன். நீங்க அந்தப் பூனையைத் திட்டறப்பல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும்.”

அந்தப் பூனையை நுணுக்கர் வீட்டை விட்டே துரத்தியிருந்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“அப்படிப் பார்க்காதீங்க. சரி, சொல்லிடறேன். உங்க நீலச் சட்டை துணி துவைக்கற மெஷின்ல கிழிஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல. கிழியல. நான்தான் கத்தரிக்கோலால வெட்டினேன். அதைப் போட்டுக்கிட்டு நீங்க என் ஃபிரெண்ட் வீட்டுக்கெல்லாம் வந்தீங்க.”

“அது என் ராசிச் சட்டை.”

“அதான் பார்த்தோமே ராசியை.”

இனித் தலைவரிடம் மறைப்பது பாவம். நுணுக்கர் அவர் அறை வாசலில் நின்று, பத்தடி தள்ளி, நேற்றைய ரத்தம் தன்னுடையது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். செவ்வாய்க்கிழமை மதியம் நுணுக்கரின் கோப்பையில் மிச்சமிருந்த டீயைத் தெரியாத்தனமாக எடுத்துக் குடித்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“என் ரத்தத்தையும் பாருய்யா” என்றார். குரலில் வரவேற்புரையின் கம்பீரம் துளிகூட இல்லை.

பார்த்தார்கள். தலைவரே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தார். சிவப்பு இருந்தது. பச்சை இல்லை.

தலைவர் ஜன்னலில் ஒட்டியிருந்த ‘காற்றுக்கு மட்டும்’ சீட்டைப் பார்த்தபடி பேசினார்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கட்டுரை ஒண்ணு பெரிய பத்திரிகையில வந்துச்சே, எனக்குப் பரிசுகூடக் குடுத்தாங்களே.”

“ஆமா சார்.”

“அதுல முதல் பேர் உன்னோடதுதான் இருந்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி நான் மாத்திட்டேன். பத்திரிகைக்காரங்க மாத்தினாங்கன்னு உன்கிட்ட சொன்னது பொய்.”

நுணுக்கருக்குச் சட்டென்று கோபம் வந்தது. மூன்று வருஷம் தாமதமாக, தொண்டைவரை வந்தது. ஆனால் எதிரில் நின்ற மனிதர் ரத்தம் கொடுக்க மடித்த சட்டைக் கையை இறக்கிவிடக்கூட மறந்திருந்தார். “பரவால்ல சார்” என்று சொன்னார். சொன்ன பிறகு, பரவாயில்லை என்று நிஜமாகவே தோன்றியது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பரவால்லன்னு விடக்கூடாதுய்யா. எல்லாத்தையும் நேராக்கிட்டுத்தான் போகணும்.”

தலைவர் உட்கார்ந்து மூன்று கடிதங்கள் அடித்தார். முதல் கடிதம் பத்திரிகைக்கு, திருட்டை ஒப்புக்கொண்டு. இரண்டாவது, குழுவுக்கு, வரவேண்டாம் என்று. மூன்றாவது, சுகாதார அலுவலகத்துக்கு: ‘எங்கள் மாடியில் சோதித்த நான்கு பேரில் ஒருவருக்கும் டி செல் இல்லை. தொற்று என்று அஞ்சுகிறோம்.’ மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவர்போல் பெருமூச்சு விட்டார். சுகாதார அலுவலகத்திலிருந்து அரை மணியில் பதில் வந்தது. யாரும் வெளியே போகக்கூடாது, நாளைக் காலை பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி வைக்கவும். நர்ஸ் வாசலில் தடுப்புக் கயிறு கட்டிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டுப் போனாள். மனைவி போனை எடுத்து உறவு முறை ஒன்று விடாமல் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள். அந்தச் சுற்றில் நீலச் சட்டைக் கதையும் வெளியே போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடித் தடுப்பு போட்ட கூட்ட அறையில் நாலு பேரும் நாலு மூலையில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் தண்டால் எடுக்கவில்லை. தலைவர் பழமொழி சொல்லவில்லை. நுணுக்கர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலையும் மூன்று தடவை சரிபார்த்தார்.

மனைவி திடீரென்று நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

“கிட்ட வராதம்மா.”

“எனக்கும்தான் ஒண்ணும் இல்லையே. இனிமே என்ன தூரம்?” என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். “சனிக்கிழமையெல்லாம் பெஞ்சுல படுத்தா முதுகு வலிக்காது? சொல்லியிருந்தா அவனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருப்பேன்ல.”

நுணுக்கருக்கு அழுகை வந்துவிட்டது. செத்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துணி வைத்துப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் தடுப்புக் கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஸ்டோர் அண்ணன் உள்ளே வந்தார். முகமூடி இல்லை. கக்கத்தில் பதிவேடு.

“அண்ணே, உள்ள வராதீங்க!” என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஒரு கையெழுத்துதான் சார். திங்கக்கிழமை அந்தக் குப்பி குடுத்தப்போ மறந்துட்டேன். கணக்குல ஒரு கட்டம் காலியா நின்னா எனக்குத் தூக்கம் வராது.” அண்ணன் பதிவேட்டை மேஜைமேல் விரித்தார். “என்ன எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? யாருக்கு என்ன?”

“எங்க நாலு பேருக்கும் டி செல்லே இல்லண்ணே” என்றார் தலைவர். “அந்தக் குப்பியைப் போட்டுத்தான் பார்த்தோம். ஒரு பச்சைப் புள்ளிகூட வரல.”

“அடப் பாவமே” என்று அண்ணன் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

நுணுக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். பதினேழாவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது: ‘பயன்படுத்திய ஆன்டிபாடி எவ்வாறு பெறப்பட்டது?’ காலியாக விட்டுவிட்டுச் சாக அவருக்கு மனம் வரவில்லை.

“அண்ணே, போறதுக்கு முன்னாடி இதை ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. லேபிள் போட்டதுதான் வேணும்னு நான் சீட்டுல அடிக்கோடு போட்டுக் குடுத்தேன். எப்பவும் ஆறு வாரம் ஆகும். இது மட்டும் நாலு நாள்ல எப்படி வந்துச்சு?”

தன் சாமர்த்தியத்தை யாராவது மறுபடி கேட்கமாட்டார்களா என்று நாலு நாளாகக் காத்திருந்த அண்ணனின் முகம் மலர்ந்தது.

“லேபிள் போட்டதுன்னா ஆறு வாரம், போடாததுன்னா நாலே நாள்னு கம்பெனியில சொன்னாங்க சார், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டறதுக்கு ஆறு வாரமா, அதான் போடாததையே வாங்கி நீங்க கேட்ட மாதிரி என் கையாலயே எழுதி ஒட்டிட்டேன்!”